குளியலறைக்குள் ஒரு டோல்

அண்ணி தன் துப்பட்டாவைக் கண்களில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கைகளை முன்னால் நீட்டியபடி எங்கள் டைல்ஸ் கடையின் நடுவே நடந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். ஜொகூர் பாருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. புது வீடு வாங்கியவர்கள், பழைய வீட்டை உடைப்பவர்கள், கணவனும் மனைவியும் வெள்ளையா சாம்பலா என்று விவாகரத்து வரை போய்த் திரும்புகிறவர்கள் என்று எல்லோரும் அன்றுதான் வருவார்கள். அத்தனை பேரும் விலகி வழிவிட, அண்ணி ஒவ்வொரு மாதிரித் தரையிலும் ஏறி நின்று, குதிகாலைத் தேய்த்து, விரல்களை மடக்கிப் பார்த்து, "ம்ஹூம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த தௌகே, எங்கள் கடை முதலாளி, எழுந்து வந்து என் காதருகே மெதுவாக, "இவங்களுக்குச் சாமி வந்திருக்கா?" என்று மலாயில் கேட்டார். "இல்லை தௌகே, இவங்க என் அண்ணி. டைல்ஸ் பார்க்கிறாங்க" என்றேன். அவர் அண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது என்ற முடிவோடு கல்லாவுக்குத் திரும்பினார்.

என் பெயர் அட்டையில் 'வடிவமைப்பு ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கும். பெரும்பாலும் நான் செய்யும் ஆலோசனை, டைல்ஸ் பெட்டியை வண்டியில் எந்தப் பக்கம் ஏற்றினால் இடுப்பு பிடிக்காது என்பதுதான். இருந்தாலும், ஒரு காலி அறையைக் காட்டினால் போதும், என் கை பரபரக்கும். மீன்முள் மாதிரி அடுக்கலாமா, செங்கல் மாதிரி ஒன்றை விட்டு ஒன்று தள்ளி வைக்கலாமா, மூலைவாட்டாகத் திருப்பலாமா என்று காகிதத்தில் கட்டம் போட ஆரம்பித்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அது பார்டர். குளியலறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு வரி வேறு நிற டைல்ஸ் ஓடினால்தான் அது எனக்குக் குளியலறை. இல்லாவிட்டால் அது தண்ணீர் வரும் அலமாரி. வருகிற எல்லோரிடமும் பார்டர் போடச் சொல்வேன். ஒருவரும் போடமாட்டார்கள். அண்ணியிடமும் சொன்னேன். "பார்டர் போடறதுக்கு இது என்ன கல்யாண மண்டபமா தம்பி? நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று கண்கட்டை அவிழ்க்காமலேயே சொன்னார்.

கண்ணைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் என் அண்ணன். யோங் பெங் பக்கத்திலிருந்து எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழமும் பலகையும் ஏற்றிக்கொண்டு மாநிலம் முழுக்க லாரி ஓட்டியவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய் அவருக்கு வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போலாகி, அந்தக் குழாயும் மூடிக்கொண்டது. லைசென்ஸ் போயிற்று, லாரி போயிற்று. அவர் வாய் மட்டும் போகவில்லை. முதல் மாதம் அழுதார், இரண்டாவது மாதத்திலிருந்து எங்களை அழ வைத்தார். "எனக்கு இப்ப ஒரு நன்மை இருக்குடா. உன் மூஞ்சியைப் பார்க்க வேணாம் லா" என்பார்.

வாடகை வீட்டில் இருந்தபோது ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, கதவைத் தாழிட்டிருந்ததால் வெளியே வர முடியாமல் வெகுநேரம் தரையில் கிடந்தார். அண்ணி அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். விடியும் முன்பே பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பின் திரும்பும் வேலை. அன்றிலிருந்து அண்ணி ஒரு சட்டம் போட்டார். தாழ்ப்பாளைத் தொடக்கூடாது, வெளியே ஆள் இல்லாமல் குளிக்கக்கூடாது, உள்ளே இருக்கும்வரை பாடிக்கொண்டே இருக்கவேண்டும். பாட்டு நின்றால் கதவு திறக்கப்படும். எனக்கு விடுமுறை கிடைத்த நாட்களில் வெளியே நிற்கும் ஆள் நான்தான். அண்ணனுக்கு ஒரு பாட்டிலும் இரண்டாவது வரி தெரியாது. சோப்பு வாய்க்குள் போனால் அரைக் கணம் நிறுத்துவார், நான் கதவைத் தள்ளுவேன், "டேய் போடா வெளிய, வெட்கமா இல்ல உனக்கு" என்று உள்ளிருந்து ஒரு குவளைத் தண்ணீர் என் முகத்தில் வந்து விழும். இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் மற்ற நாட்களில், இந்த ஊர் வெயிலில், வேர்த்து ஒட்டிய பனியனோடு சாயங்காலம் வரை அண்ணிக்காக அவர் காத்திருப்பார். தனியாக இரவும் பகலும் நெடுஞ்சாலையில் ஓடிய மனிதர், குளிப்பதற்கு அனுமதி கேட்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி மட்டும் அவர் ஜோக் அடித்ததே இல்லை.

அதனால்தான் ஒரு தாமான் குடியிருப்பில் பழைய வரிசை வீடு ஒன்றை அவர்கள் சொந்தமாக வாங்கியபோது, கூடத்தையோ வாசலையோ பற்றி அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு குளியலறை, கக்கூஸும் அதற்குள்ளேயேதான். அதில் அவர் தனியாகப் போய், தாழ் போட்டு, பாடாமல் குளிக்கவேண்டும். அடுப்படியில் தனியாக ஒரு தே கலக்கிக் குடிக்கவேண்டும். "மத்ததெல்லாம் எப்படியாவது போகட்டும் தம்பி. இந்த ரெண்டு தரையை எனக்குச் சரியா போட்டுக் கொடுங்க" என்றார்.

கடையில் அன்று அண்ணியின் கால் கடைசியாக ஏறி நின்றது, எங்கள் கடையில் நெடுநாளாக விற்காமல் கிடந்த ஒரு வகை. உள்ளங்கை அளவே இருக்கும். மேலே வரிவரியாகச் சீப்பு இழுத்தது போல் மேடு இருக்கும். அழுக்கு சேரும் என்று யாரும் வாங்கமாட்டார்கள். அண்ணி அதன்மேல் ஒருமுறை நடந்தார், திரும்பி வந்தார், பிறகு பக்கவாட்டில் நடந்தார். கண்கட்டை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, "தம்பி! கோடு நீளவாக்குல இருந்தா கால் தானா போகுது. குறுக்கால இருந்தா நின்னுடுது!" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது. அந்த நிமிடம் எனக்கும் தலைக்குள் விளக்கு எரிந்தது. மழமழப்பும் வழுக்கலும் இல்லாத பெரிய டைல்ஸால் தரையை நிரப்பி, அதன் நடுவே இந்தச் சிறு டைல்ஸால் கதவிலிருந்து ஒரு பாதை போடுவது. நீளக்கோடு என்றால் நட. குறுக்குக்கோடு என்றால் நில், இங்கே குழாய், இங்கே கக்கூஸ் பீங்கான். சமையலறையில் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் ஒரு குறுக்குவரி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒன்று. இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மாதிரி டைல்ஸ்களைத் திருப்பித் திருப்பி அடுக்க ஆரம்பித்துவிட்டோம். வெள்ளையா சாம்பலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பதி, சண்டையை நிறுத்திவிட்டு எங்களோடு குனிந்து நின்று யோசனை சொன்னார்கள்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கலரு?" என்பதுதான்.

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்னங்க, உங்களுக்குக் கலரு எதுக்கு?"

"எனக்கு எதுக்கா? வீட்டுக்கு வர்றவனுக்குக் கண்ணு இருக்குல்ல? நீலம் போடு. என் லாரி நீலம்தானே."

"நீலத்துல உப்புக்கறை வெள்ளையா தெரியும். தினம் யார் தேய்க்கிறது?"

"எனக்குத் தெரியாது லா அந்தக் கறை" என்றார் அண்ணன், மிகுந்த நேர்மையோடு.

நீலம் தோற்றது. சாம்பல் நிறம் என்று முடிவாயிற்று. ஆனால் சிமெண்டு கலக்கும் முன் அண்ணி ஒரு நிபந்தனை வைத்தார். டைல்ஸை வெறுமனே அடுக்கிப் பார்க்கவேண்டும், அண்ணன் அதன்மேல் நடக்கவேண்டும், அவர் சரி என்றால்தான் ஒட்டவேண்டும். டைல்ஸ் பதிக்க வந்த இந்தோனேசியருக்கு இது புதிதாக இருந்தது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே இரண்டு அறைகளிலும் பழைய தரைமேல் அடுக்கிக் கொடுத்தார். அண்ணன் வெறுங்காலுடன் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் லாரிக்குப் பின்னால் நிற்கும் கிளீனர் மாதிரி, "வாங்கண்ணே, வாங்க, வாங்க" என்று கையசைத்தேன். கையசைத்தால் அவருக்குத் தெரியாது என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் காலால் தேடினார். நீளக்கோடு கிடைத்ததும் முகம் மலர்ந்தது. "ஓ, இது ஹைவேடா" என்றார். நடந்தார். நிதானமாக, பிறகு வேகமாக. குறுக்குக்கோடு வந்ததும் டக்கென்று நின்று, "டோல் வந்தாச்சு!" என்று சட்டைப்பையைத் தடவிக் காசு தேடுவது போல் நடித்தார். கையை நீட்டினால் அடுப்பின் விளிம்பு. அப்படியே திரும்பி அடுத்த டோலில் நின்று குழாயைத் திறந்தார். அண்ணி கைதட்டினார். இந்தோனேசியர் விசில் அடித்தார். குளியலறையிலும் அதே கதைதான். போனார், நின்றார், குழாயைப் பிடித்தார், திரும்பினார். ஒரு முறை அல்ல, சின்னப் பிள்ளை புது சைக்கிளை விடாதது போல், நாங்கள் போதும் போதும் என்று சொல்லும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தார். அன்றே சிமெண்டு கலக்கச் சொன்னோம்.

தரை காய்ந்தது. எங்கள் ஆள் தரையை முடித்துவிட்டுத்தான் சுவரில் ஏறுவார், அதனால் குளியலறைச் சுவர்கள் இன்னும் வெறும் சிமெண்டாக நின்றன. அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சமையலறைத் தரையில் அண்ணன் ஒருமுறை போய் வந்து, மூன்று பேருக்கும் தே கலக்கிக் கொடுத்தார். சீனி எக்கச்சக்கம். அப்படி ஒரு தேயை நான் குடித்ததே இல்லை என்று சொல்லிக் குடித்தேன், அது உண்மையும்கூட. பிறகு குளியலறை. அண்ணன் கதவருகே போனார், கால் ஏதோ ஒன்றைத் தேடியது, கிடைத்தது, நுழைந்தது. உள்ளே போனார். ஒரு பெரிய சத்தம். பக்கெட் உருண்டு வந்து வாசலில் நின்றது.

உள்ளே ஓடினோம். விழவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "டோலைக் காணோம்" என்றார். "யாருடா தூக்கிட்டுப் போனது?"

அவர் காலைப் பார்த்தேன். புத்தம் புதிய ரப்பர் செருப்பு. தடிமனான அடிப்பாகம். குளியலறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கதவுக்குக் கைப்பிடி இருப்பது மாதிரி அது இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு போகிற வழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. கடையில் வெறுங்கால், அடுக்கிப் பார்த்தபோது வெறுங்கால், அடுப்படியில் என்றுமே வெறுங்கால். அந்த உற்சாகத்தில், வடிவமைப்பு ஆலோசகனாகிய என் மூளைக்குள்ளும் அந்தச் செருப்பு நுழையவில்லை. புது வீட்டுக்குப் புதுசாக இருக்கட்டும் என்று முந்தின நாள் அதைக் கடையில் வாங்கி, ஆசையாக வாசலில் வைத்தவரே அண்ணிதான்.

"கழட்டிட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"என்னது? பாத்ரூமுக்கு வெறுங்காலோடயா? அலமாக்! எஸ்டேட் கக்கூஸ் காலத்துல இருந்து நான் அப்படிப் போனதில்ல. கண்ணுதான் போச்சு, மானம் போகல."

அண்ணியாவது அவரை அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வெறுங்காலோடு நடந்த ஈரத்தை வீடு முழுக்க மிதிப்பதை அவராலும் ஒப்புக்கொள்ள முடியாது என்று முகத்தில் எழுதியிருந்தது. உருண்டு கிடந்த பக்கெட்டை நிமிர்த்தி, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணைக் கட்டிக்கொண்டு கடை முழுக்கச் சிரித்துக்கொண்டு நடந்தவர், தன் காலடியில் ஒட்டிக் காய்ந்துவிட்ட அந்த அழகான பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பழையபடிதானா?" என்றார். யாரையும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை காத்திருக்கும் அந்த ஒட்டிய பனியன் எங்கள் மூவர் கண்ணிலும், இல்லை, மூவர் மனதிலும் வந்து போயிருக்கவேண்டும். எனக்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. அது என் வாழ்க்கையில் அரிது.

அண்ணன் இன்னும் சுவரில் ஊன்றிய கையை எடுக்கவில்லை. அந்தக் கையால் கரகரத்த சிமெண்டைத் தடவினார். வலப்பக்கம் தடவினார், இடப்பக்கம் தடவினார்.

"ஏண்டி," என்றார், "செருப்பு காலுக்குத்தானே? கைக்கு இல்லையே?"

அண்ணி தலையைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார். அண்ணன் கை இருந்த உயரத்தைப் பார்த்தார், அது இடுப்பு உயரம். பிறகு மிக மெதுவாக, மிகுந்த வருத்தத்தோடு, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி... நீங்க ஒரு பார்டர் சொன்னீங்கல்ல?"

நான் துள்ளிய துள்ளலில் சுவர் டைல்ஸ் பெட்டி ஒன்று சரிந்தது. கதவு நிலையில் தொடங்கி, சுவரோடு சுவராக, கோடு போட்ட அதே டைல்ஸ் ஒரு வரி. கோடு படுத்திருந்தால் போய்க்கொண்டே இரு, கோடு நிமிர்ந்து நின்றால் அங்கே குழாய், அங்கே சோப்பு, அங்கே துண்டு மாட்டும் கம்பி. நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லச் சொல்ல அண்ணி பக்கெட்டிலிருந்து எழுந்துவிட்டார். "இது அழகுக்கு இல்ல, தெரியுதா?" என்று மட்டும் சொன்னார். "இல்லவே இல்லை அண்ணி, அழகு அதுவா வந்தா நான் என்ன செய்ய முடியும்?" என்றேன். இந்தச் சந்தடியில் அண்ணன் தொண்டையைச் செருமினார். "சுவத்துல உப்புக்கறை சேராதுல்ல? தண்ணி நிக்காதுல்ல?" என்றார் அப்பாவியாக. அண்ணி புரிந்துகொண்டார். "சரி, நீலம். உங்க லாரியையே கொண்டுவந்து ஒட்டுங்க" என்றார். ஆனால் அவர் குரலில் சிரிப்பு திரும்பியிருந்தது.

எங்கள் கடையில் அந்த வகையில் நீலம் இல்லை. தௌகே போனை எடுத்து, தெரிந்த கடைகளையெல்லாம் கூப்பிட்டு, யோங் பெங்கில் ஒரு பழைய கடையின் பின்கட்டில் சில பெட்டிகள் கிடப்பதைக் கண்டுபிடித்தார். நானும் அண்ணனும் என் பழைய காரில் கிளம்பினோம். அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "இப்ப இறக்கம் வரும், பிரேக்கைத் தொடாதே. இப்ப இடதுபக்கம் செம்பனை முடிஞ்சு ரப்பர் ஆரம்பிக்கும்." ரப்பரைக் காணோம், அங்கே ஒரு தொழிற்சாலை நின்றது. நான் சொல்லவில்லை. கடையில் பெட்டியைப் பிரித்ததும் அவர் ஒரு டைல்ஸை எடுத்து, கட்டை விரலால் மேட்டை வருடி, முதலாளியிடம் மலாயில், "பீரு?" என்று கேட்டார். "பீரு," என்றார் அவர். நீலம்தான். நல்ல ஆழ்ந்த நீலம். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒற்றை டைல்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பார்டர் ஏறியது. பால் காய்ச்சும் நாள் வந்தது. சொந்தக்காரர்கள், சிங்கப்பூரிலிருந்து அண்ணியோடு வேலை செய்பவர்கள், பழக்கூடையோடு எங்கள் தௌகே. பால் பொங்கி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அண்ணன் எழுந்து, "நான் குளிச்சிட்டு வந்துடுறேன்" என்றார். காலையில்தான் குளித்திருந்தார். அண்ணியின் துணையோடு. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். செருப்பை மாட்டினார். வலது கை சுவரைத் தொட்டது. கதவு மூடியது. அதன்பின் நாங்கள் வருஷக்கணக்கில் கேட்காத ஒரு சத்தம். தாழ்ப்பாள்.

தண்ணீர் விழுந்தது. பாட்டு வரவில்லை. அண்ணி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு கதவுவரை போனார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தண்ணீர் நின்றது, சோப்புக்கு இருக்கும், மறுபடி விழுந்தது. அண்ணி கையை இறக்கிக்கொண்டு அங்கேயே முதுகைக் காட்டி நின்றார். வெகுநேரம் நின்றார். தௌகே மெல்ல எழுந்து வந்து, சங்கடமாகக் கால் மாற்றி நின்று, குளியலறையைக் கண்ணால் காட்டினார். அண்ணி திரும்பினார். கண் சிவந்திருந்தது, முகம் தீபாவளி மாதிரி இருந்தது.

"வெயிட் பண்ணுங்க தௌகே," என்றார். "உள்ளே ஆள் இருக்கு."

தௌகே காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கவில்லை. இப்போது அண்ணன் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விருந்தாளி வந்தால் மரியாதைக்கு ஒன்று என்று குளிக்கிறார். தாழைப் போட்டுவிட்டால் அவர் ராஜ்யம், யார் தட்டினாலும் திறக்கமாட்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வழியில் இருக்கும் பெட்ரோல் நிலையத்தில் ஒருமுறை இறங்கிவிட்டுத்தான் போகிறேன்.